கடைசி வரிசை வரை கேட்ட குரல்

ஐரோப்பாவில் 'ஆப்பரா' எனப்படும் இசைநாடகத்தில், பாத்திரங்கள் தம் உணர்வுகளைப் பாட்டாகவே வெளியிடுவர். ஒலிபெருக்கியின் துணையின்றி, இசைக்குழுவின் முழக்கத்தையும் கடந்து, அரங்கின் கடைசி இருக்கை வரை குரல் சென்று சேர்தல் வேண்டும். இயல், இசை, நாடகம் என்னும் மூன்றையும் இணைத்துப் போற்றிய தமிழகத்திலும், இத்தகைய குரல்வன்மையை வேண்டி நின்ற மேடை ஒன்று இருந்தது. அம்மேடையில் தோன்றித் தம் குரலாலேயே வாழ்வை உயர்த்திக்கொண்டவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள்.

பாட்டே உரையாடல்

தமிழ் இசைநாடகத்துக்குச் செம்மையான வடிவம் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி போன்ற நாடகங்கள் இரவு முழுவதும் நடைபெற்றன. ஆர்மோனியமும் மிருதங்கமும் பின்னணியாக அமைந்தன. 'ஸ்பெஷல் நாடகம்' என வழங்கிய முறையில், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள், முன்ஒத்திகை இன்றியே ஒரே மேடையில் கூடி நடித்தனர். வள்ளியும் வேலனும் பாட்டாலேயே வாதிடுவர். ஒருவர் பாடியதற்கு மற்றவர் அக்கணமே விடையிறுப்பார். எனவே நடிகருக்கு இசைப்புலமை, நினைவாற்றல், சமயோசித அறிவு ஆகிய மூன்றும் இன்றியமையாதனவாயின. ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில், உயர்ந்த சுருதியில் பிசிறின்றிப் பாடுவோரே மக்கள் மனத்தில் நிலைபெற்றனர்.

மேடையும் துயரும்

காவிரிக்கரையிலுள்ள கொடுமுடியில் 1908இல் சுந்தராம்பாள் பிறந்தார். வறுமை சூழ்ந்த இளமையில் அவருக்குக் குரலே முதலாயிற்று. சிறுவயதிலேயே நாடகத்துக்குள் நுழைந்தவர், இலங்கை மேடைகளிலும் புகழ் பெற்றார். அங்கு, செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடிக்கலானார். உயர்ந்த சுருதியில் எளிதாக உலவும் குரல்வளம் படைத்தவர் கிட்டப்பா. இருவரின் இசையையும் கேட்க மக்கள் திரண்டனர். இசைத்தட்டுகள் அவர்களது குரலை ஊர்தோறும் கொண்டு சென்றன. 1927இல் இருவரும் வாழ்க்கையிலும் இணைந்தனர்.

அந்த இணை நெடுநாள் நீடிக்கவில்லை. 1933 டிசம்பர் 2 அன்று, தம் 27ஆம் வயதில் கிட்டப்பா மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று முதல் வெண்ணிற ஆடை பூண்டார். ஆண் நடிகருடன் இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி கொண்டார். காதற்பாட்டுகளை நம்பியிருந்த கலையுலகில், ஒரு நடிகைக்கு இம்முடிவு வாழ்வாதாரத்தையே இழக்கச் செய்யக்கூடியது.

துறவே வழியாயிற்று

ஆயினும் அவர் கலையைத் துறக்கவில்லை. தம் உறுதிக்குப் பொருந்தும் பாத்திரங்களையே ஏற்றார். 1935இல் வெளிவந்த 'நந்தனார்' திரைப்படத்தில் நந்தனாராக ஆண்வேடமே பூண்டார். அதற்காக அவர் பெற்ற ஊதியமான ஓர் இலட்சம் ரூபாய், அந்நாளில் வியந்து பேசப்பட்டது. 'மணிமேகலை'யில் துறவு பூண்ட மணிமேகலையாகவும், 1953இல் 'ஔவையா'ரில் ஔவையாகவும், 1964இல் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகளாகவும் நடித்தார். உலகியல் இன்பங்களைக் கடந்து நின்ற இப்பாத்திரங்கள், அவரது கணீரென்ற குரலால் உயிர்பெற்றன. அவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட வரம்பே அவருக்குரிய தனியிடத்தை உருவாக்கியது எனலாம்.

மக்களின் குரல்

நாடக மேடை, விடுதலைப் போராட்டத்தின் பரப்புரைக் களமாகவும் விளங்கியது. சுந்தராம்பாளும் காங்கிரஸ் மேடைகளில் நாட்டுப்பற்றுப் பாடல்களைப் பாடினார். நாடக மகளிரை இழிவாக நோக்கிய சமூகத்தில், அவர் 1951இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். 'துணைவன்' திரைப்படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதையும், 1970இல் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார். 1980இல் மறைந்தார்.

கல்வியும் செல்வமும் துணைநில்லாத இளமையில் தொடங்கிய வாழ்வு அது. குரல் அவருக்கு உணவளித்தது. பின்னர்ப் புகழ் அளித்தது. இவற்றினும் மேலாக, எந்த வேடத்தை ஏற்பது, எதை மறுப்பது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமையை அளித்தது. கலையில் பெறும் தேர்ச்சி, கலைஞரின் தன்மதிப்புக்கும் காவலாகும் என்பதற்கு அவரது வாழ்வு சான்றாகிறது.