தண்டவாளத்து ஓரம் – 12: செட்டியார் கடைத் தட்டு

மூர் மார்க்கெட் எரிவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1983-ல், அங்கே ஒரு பழைய இசைத்தட்டு வாங்கினேன். பெரியப்பாவுக்காக. குரோம்பேட்டையில் அவர் வீட்டுக் கூடத்தில் சாவி கொடுக்கிற கிராமபோன் பெட்டி ஒன்று இருந்தது. கடைக்காரர் தட்டை ஒரு விரலில் மாட்டி, மறுகை விரலால் சுண்டினார். "விரிசல் இல்ல தம்பி, சத்தத்துலயே தெரிஞ்சிடும்." பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறினேன். மாம்பலத்தில் முட்டிக்கொண்டு ஏறிய கூட்டத்தில், என் தோளுக்கும் கம்பிக்கும் நடுவே 'டப்'பென்று ஒரு சத்தம்.

பெரியப்பா இரண்டு துண்டையும் மேசைமேல் பொருத்திப் பார்த்தார். நடுவில் லேபிள் சரியாகப் பெயர் இருந்த இடத்தில் பொடிந்திருந்தது. "ஓடியன்டா இது. செட்டியார் கடைத் தட்டு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உடைந்த ஓரத்தைப் பார்த்தால் கருங்கல் சில்லு மாதிரி இருக்கும். அரக்கோடு கல்பொடியும் கரியும் சேர்த்து அழுத்திய பண்டம் அது. அரக்கு சோட்டா நாக்பூர் காட்டு மரங்களில் பூச்சி கட்டுவது. உலகத்துக்கே நம் நாட்டிலிருந்துதான் பெரும்பாலும் போயிற்று. 1902-ல் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜானின் குரலை மெழுகில் பிடித்தபோது, அந்த மெழுகு ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த் தட்டாகித் திரும்பிவந்தது. நம் அரக்கும் நம் பாட்டும் கப்பலேறிப் போய், விலைபோட்டு வந்தன. 1908-ல் கல்கத்தா சியால்தாவில் ஆலை வந்த பிறகுதான் இந்த அலைச்சல் நின்றது. அந்தக் காலத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சொல்வார். எந்த மெழுகு யாருடையது என்று ஹானோவர்காரனுக்குத் தெரியவேண்டுமே!

பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், கொஞ்சம் கூட. அதற்குள் ஆலாபனையும் வேண்டும், பல்லவி சரணமும் வேண்டும். விடிய விடியப் பாடிப் பழகியவர்களுக்கு இது ரயிலைப் பிடிக்கிற அவசரம்தான். பக்கத்துக்குப் பக்கம் ஊசி மாற்றவேண்டும். பெரியப்பா பழைய ஊசியைத் திரும்ப டப்பாவில் போடவே மாட்டார். தட்டைக் கீறிவிடும் என்று ஜன்னல் வழியே எறிவார். அந்தப் பக்கம் செருப்பில்லாமல் யாரும் போவதில்லை.

நம் தொடரின் கதாநாயகனான மின்சார ரயில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடத் தொடங்கியது 1931 மே மாதம். அதே வருஷம் அக்டோபர் 31-ல் 'காளிதாஸ்' வந்தது, தமிழ் பேசிய முதல் படம். சினிமா வாய் திறந்த நாட்களில்தான் காரைக்குடியிலிருந்து ஏ.வி.மெய்யப்பன் சென்னைக்கு வந்தார். அப்பா ஆவிச்சி செட்டியாரின் ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் தட்டு விற்ற பழக்கம். விற்பதைவிட நாமே பதிவுசெய்தால் என்ன என்று கே.எஸ்.நாராயண ஐயங்கார், சுப்பையா செட்டியாரோடு கூட்டுச் சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். ஜெர்மனி கம்பெனியான ஓடியனின் பெயரில் தட்டுகள் வந்தன.

மெய்யப்பனின் ஏவி.எம். என்றதும் வடபழனி ஸ்டுடியோ வாசல் உருண்டையைச் சொல்கிறோம். அந்த மனிதரின் தொழில் மூளை தட்டுக் கடையில் உருவானது என்பது என் கட்சி. தட்டு விற்றவனுக்கு ஒரு விஷயம் கைவந்திருக்கும்: குரல் வேறு, ஆள் வேறு. நாடகப் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தபோது வயது இருபத்தேழு. அவரை மேடையில் பார்த்திராத எங்கள் வீட்டார் அவர் குரலைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். ஆள் இல்லாமல் குரல் விற்கும் என்று கல்லாப்பெட்டிக்குத் தெரியும்.

சினிமாவுக்குப் போனபோது இந்தப் பாடத்தை மெய்யப்பன் கூடவே எடுத்துப்போனார். முதல் படங்கள் கைகொடுக்கவில்லை. அது பெரிய கதை, இங்கே வேண்டாம். ஆனால் 1938-ன் 'நந்தகுமார்' படத்தில் திரையில் ஒருவர் வாயசைக்க, பாடியவர் லலிதா வெங்கட்ராமன். தமிழில் பின்னணிக் குரல் அங்கேதான் தொடங்கியது என்பார்கள். 1944-ல் கன்னட 'ஹரிச்சந்திரா'வின் வாய்க்குத் தமிழ்ப் பேச்சை ஒட்டினார். 1947-ன் 'நாம் இருவர்' படத்தில் ஆடியது குமாரி கமலா என்ற சிறுமி, பாடியது டி.கே.பட்டம்மாள். பாட்டு பாரதியுடையது.

பாரதி பாட்டை அவர் சும்மா எடுத்துவிடவில்லை. அதைத் தட்டில் பதிக்கும் உரிமையை ஜெசிங்லால் மேத்தா என்ற நகை வியாபாரி முப்பதுகளிலேயே வாங்கி வைத்திருந்தார். பாரதி இறந்து பல வருஷம் கழித்து, அவர் பாட்டு ஒரு நகைக்கடைக்காரரின் சொத்து! மெய்யப்பன் அதை மேத்தாவிடமிருந்து விலைக்கு வாங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தபோது வழக்குப் போட்டார். ஊர் கொதித்தது. 1949-ல் சென்னை அரசு பாரதியின் எழுத்தைப் பொதுச்சொத்தாக்க முன்வந்தபோது, பணம் எதுவும் கேட்காமல் மெய்யப்பன் தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். வழக்குப் போட்டதும் அவர்தான், விட்டுக்கொடுத்ததும் அவர்தான். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்கவேண்டும். ஒன்றை மட்டும் சொல்பவர்கள் கட்சிக்காரர்கள்.

பெரியப்பா விடவில்லை. அடுத்த ஞாயிறு கோந்தும் கெட்டிக் காகிதமும் எடுத்து உட்கார்ந்தார். தட்டை ஒட்டவேண்டுமானால் ஒரு பக்கம் முழுக்கக் காகிதம் ஒட்டவேண்டும். அந்தப் பக்கப் பாட்டு போய்விடும். எந்தப் பக்கம் என்று வெகுநேரம் யோசித்தார். பெரியம்மா காசைச் சுண்டிப் போட்டுத் தீர்த்துவைத்தாள்.

ஒட்டியது காய்ந்ததும் சாவி கொடுத்தார். சுற்றுக்கு இரண்டு முறை 'டக்' என்று ஊசி குதித்தது. நிமிஷத்துக்கு நூற்றைம்பத்தாறு டக். நடுநடுவே ஒரு பெண் குரல், சிறு வயதுக் குரல், காம்போதியில் ஏறிக்கொண்டிருந்தது. லேபிளில் பெயர் இல்லை. கடைசியில் சொல்லிவிடுவாளோ என்று மூன்று பேரும் பெட்டியை நோக்கிக் குனிந்து கேட்டோம். பாட்டு முடிந்தது. ஊசி உள்வட்டத்தில் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பெரியப்பா உடனே எடுக்கவில்லை.

(ரயில் இன்னும் போகும்)