நிறுத்தத் தெரிந்ததும் வீரமே

தாடையைச் சுற்றித் தலைவரை வெள்ளைக் கட்டு. கையில் சிவப்புப் பந்து. இந்தக் கோலத்தில் அனில் கும்ப்ளே நிற்கும் படத்தைப் பார்க்காத கிரிக்கெட் அன்பர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. 2002-ஆம் ஆண்டு மே மாதம், மேற்கிந்தியத் தீவுகளின் ஆன்டிகுவாவில் நடந்த டெஸ்ட் போட்டி அது. மட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது மெர்வின் தில்லன் வீசிய பந்து அவருடைய தாடையைத் தாக்கியது. எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்காக அவர் பெங்களூரு திரும்புவது உறுதியாகிவிட்டது. ஆயினும் புறப்படுவதற்கு முன் கட்டுடன் களத்தில் இறங்கினார். தொடர்ந்து 14 ஓவர்கள் வீசினார். உலகின் தலைசிறந்த மட்டையாளர்களுள் ஒருவரான பிரையன் லாராவின் விக்கெட்டையும் எடுத்தார்.

இதை வீரம் என்று போற்றாதவர் இல்லை. அதே கும்ப்ளே ஆறு ஆண்டுகள் கழித்து எடுத்த இன்னொரு முடிவைப் பற்றி மக்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. 2008 நவம்பர் 2 அன்று, இந்திய அணியின் தலைவராக இருக்கும்போதே, தொடர் முடியுமுன், "இனி ஆடுவதில்லை" என அவர் அறிவித்தார். நம் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் முதல் நிகழ்ச்சியைவிட இந்த இரண்டாம் நிகழ்ச்சியே கூடுதலாகப் பயன்படும்.

40,850 பந்துகள்

கும்ப்ளே 1990 முதல் 2008 வரை 18 ஆண்டுகள் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். 132 போட்டிகளில் 619 விக்கெட்டுகள் எடுத்தார். 1999 பிப்ரவரியில் தில்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டுகளையும் ஒரே இன்னிங்ஸில் தாமே வீழ்த்தினார். 2004 அக்டோபரில் சென்னை சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரே போட்டியில் 13 விக்கெட்டுகள் எடுத்ததை நம் மாநிலத்தார் நேரில் கண்டார்கள்.

இந்த எண்களுக்குப் பின்னால் மற்றோர் எண் இருக்கிறது. டெஸ்ட் போட்டிகளில் மட்டும் அவர் வீசிய பந்துகள் 40,850. ஒவ்வொரு பந்துக்கும் ஓடிவந்து, முன்காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, வலக்கையைத் தலைக்குமேல் சுழற்ற வேண்டும். ஒருநாள் போட்டிகளில் வீசியவையும் பயிற்சியில் வீசியவையும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அத்தனைச் சுழற்சிகளையும் ஒரே தோள் தாங்கியது.

அந்தத் தோள் இடையிலேயே ஒருமுறை பழுதானது. 2001-இல் ஆஸ்திரேலியா இந்தியாவுக்கு வந்த புகழ்பெற்ற தொடரில் கும்ப்ளே ஆடவில்லை. தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மீண்டுவரும் காலம் அது. அவருடைய ஆட்டம் முடிந்துவிட்டது என்று அப்போது பலரும் எண்ணினார்கள். அவர் பொறுமையாகப் பயிற்சி செய்து திரும்பினார். 619 விக்கெட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை அதற்குப் பின் எடுத்தவையே. அறுவை சிகிச்சை என்றதும் "இனி ஒன்றுக்கும் ஆகமாட்டோம்" என்று மனம் தளர்வோர் இதை நினைவில் கொள்ளலாம்.

2008-இன் கணக்கு வேறு. அவருக்கு அப்போது 38 வயது. ஆஸ்திரேலியத் தொடரின் இரண்டாம் டெஸ்டில் தோள்வலியால் அவர் ஆட முடியவில்லை. மூன்றாம் டெஸ்ட் தில்லியில், பத்து விக்கெட்டுகள் எடுத்த அதே மைதானத்தில் நடந்தது. அங்கே ஒரு பந்தைப் பிடிக்க முயன்றபோது இடக்கைச் சுண்டுவிரல் கிழிந்து 11 தையல்கள் போட வேண்டியதாயிற்று. தையலிட்ட கையுடனே மறுபடியும் வந்து பந்து வீசினார். ஆனால் அடுத்த டெஸ்டுக்குள் விரல் ஆறாது என்பது தெரிந்தது. உடலும் சில காலமாகவே எச்சரித்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் ஆட்டத்தின்போதே ஓய்வை அறிவித்தார்.

ஒரு சுண்டுவிரல் காயத்துக்காகவா ஓய்வு என்று கேட்பவர் இருக்கலாம். அந்த விரல் கடைசித் துளி மட்டுமே. பாத்திரம் அதற்கு முன்பே நிரம்பியிருந்தது.

ஆறும் காயமும் சேரும் காயமும்

உடலில் படும் பாதிப்புகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். முறிந்த தாடை முதல் வகை. ஒரு நாளில் நேர்ந்தது. எலும்புக்கு இரத்த ஓட்டம் நன்றாக உண்டு. சரியாகப் பொருத்திக் காலம் கொடுத்தால் பெரும்பாலும் கூடிவிடும்.

இரண்டாம் வகை ஒரு நாளில் நேர்வதில்லை. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களிலும், நாம் பேச்சுவழக்கில் ஜவ்வு என்று சொல்லும் பகுதிகளிலும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மிக நுண்ணிய கிழிசல்கள் ஏற்படும். ஓய்வு கிடைத்தால் உடல் அவற்றைச் சீர்செய்துகொள்ளும். ஓய்வு கிடைக்காவிட்டால் பழைய கிழிசல் ஆறுமுன் புதியது சேரும். மூட்டுகளில் எலும்பின் முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய்களே இல்லை. ஆகவே தேய்ந்த குருத்தெலும்பு முன்போல் வளர்வது அரிது. மூட்டுத் தேய்மானம் என்று மருத்துவர் சொல்வது இதையே.

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் பந்து வீசிப் பிழைப்பவர் இல்லை. ஆனால் நாற்பதாயிரம் முறை ஒரே அசைவைச் செய்தவர்கள் இங்கே ஏராளம். குனிந்து நாற்று நட்டவர், மணிலாக்கொட்டை பிடுங்கியவர், நெல் மூட்டையை முதுகில் ஏற்றியவர், சித்தாளாகக் கலவைச் சட்டியைத் தலையில் சுமந்தவர், கல் உடைத்தவர், நாள் முழுதும் தையல் எந்திரம் மிதித்தவர் என யாரை எடுத்தாலும் ஒரு தோளோ, ஒரு முழங்காலோ, இடுப்போ அந்தக் கணக்கைச் சுமந்துகொண்டிருக்கிறது. விளையாட்டு வீரருக்கு ஒவ்வொரு பந்தையும் எண்ணி எழுதிவைக்க ஆள் உண்டு. உழைப்பாளியின் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

இதனால்தான் பலர் மருத்துவரிடம், "நேற்று ஒரு வாளித் தண்ணீர் தூக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது" என்று மட்டும் சொல்கிறார்கள். அந்த வாளி, கும்ப்ளேயின் சுண்டுவிரலைப் போன்றது. மருத்துவருக்குத் தெரிய வேண்டியது அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள்.

பொறுத்துக்கொள்ளக் கூடாத வலிகள்

வலியைப் பொறுத்துக்கொள்வது நம் மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. வேலை முடிந்தபின் சிறிது வலித்து, ஓய்வெடுத்தால் மறையும் வலி அச்சம் தருவதன்று. பின்வருவன அப்படியல்ல.

இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி, கையைத் தோளுக்கு மேல் தூக்க இயலாமை, மூட்டில் வீக்கமும் சூடும் குறையாமல் இருத்தல், விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை ஆகியவை இருந்தால் நாள் கடத்தாமல் வர வேண்டும். வலியுடன் காய்ச்சலோ, காரணமின்றி உடல் மெலிவோ இருந்தாலும் அவ்வாறே. இடுப்பு வலியுடன் கால் மரத்துப்போதல், கால் தளர்தல், சிறுநீர் மலம் அடக்க முடியாமை அல்லது சிறுநீர் பிரியாமை நேர்ந்தால் அது அவசரநிலை. அன்றே மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். அவர்கள் தோள்வலியை வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடக் கூடாது.

மருந்துக்கடையில் தாமே வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவற்றுள் பல, நெடுநாள் உட்கொண்டால் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். வலி தெரியாமல் வேலை செய்யலாம் என்பதே மாத்திரையின் கவர்ச்சி. ஆனால் வலி மறைந்தாலும் கிழிசல் மறையாது. அதன்மேல் மேலும் சுமை ஏறுகிறது.

நிறுத்துவது என்றால் எதை?

"வேலையை நிறுத்துங்கள்" என்று மருத்துவர் சொன்னதும் பலர் மறுமுறை வருவதில்லை. நிறுத்தினால் அடுப்பு எரியாது என்பது உண்மை. கும்ப்ளேயிடம் இருந்த சேமிப்பும் புகழும் கூலித் தொழிலாளியிடம் இல்லை. அந்த வேறுபாட்டை மறைத்து அறிவுரை சொல்வது நேர்மையாகாது.

ஆனாலும் அவர் நிறுத்திய விதத்தில் நமக்கு ஒரு வழி இருக்கிறது. அவர் பந்து வீசுவதையே விட்டுவிடவில்லை. ஒரு நாளில் முப்பது, நாற்பது ஓவர்கள்கூட வீச வேண்டிய ஐந்து நாள் ஆட்டத்தை விட்டார். ஒரு போட்டிக்கு நான்கு ஓவர் மட்டும் வீசும் ஐ.பி.எல். ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஓய்வு பெற்ற சில மாதங்களில், 2009 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், பெங்களூரு அணிக்காக 5 ரன்கள் மட்டும் கொடுத்து 5 விக்கெட்டுகள் எடுத்தார். அந்தத் தொடரின் இறுதிப் போட்டியில் 4 விக்கெட்டுகள் எடுத்தார். தோள் அதே தோள். சுமைதான் குறைந்தது.

நம் நோயாளிகளுக்கும் இதுவே பெரும்பாலும் பொருந்தும். முழு மூட்டைக்குப் பதில் அரை மூட்டையாக இருமுறை தூக்கலாம். குத்துக்காலிட்டுச் செய்யும் வேலையை மணையிலோ முக்காலியிலோ அமர்ந்து செய்யலாம். ஒரே வேலையை நாள் முழுதும் செய்யாமல், மணிக்கொரு முறை வேறொன்றுக்கு மாறலாம். இயன்முறை சிகிச்சையாளர் கற்றுத்தரும் பயிற்சிகளை வலி குறைந்த பின்னும் விடாமல் செய்தால், மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் வலுப்பெற்றுச் சுமையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். நடக்க இயலாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை கிடைக்க வழியுண்டு. அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமுள்ளதா என்று முன்னதாகவே கேட்டறியுங்கள்.

குடும்பத்தாருக்கு

உழைத்தே பழகிய ஒருவருக்கு உடல்வலியைவிட, "இனி என்னால் யாருக்கு என்ன பயன்?" என்னும் எண்ணமே பெரிய வலி. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். தாம் அங்கே ஒதுக்கிவைக்கப்பட்டிருப்பதாக அவர் நினைக்கிறார். சிடுசிடுப்பும் பேசாமையும் உணவில் விருப்பமின்மையும் அதன் வெளிப்பாடாக இருக்கக்கூடும். அவை நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கும்ப்ளே ஓய்வு பெற்ற அடுத்த டெஸ்ட் நாக்பூரில் நடந்தது. இந்தியா தொடரை வென்றது. புதிய அணித் தலைவர் மகேந்திர சிங் தோனி, அந்தப் போட்டியில் ஆடாத கும்ப்ளேயை அழைத்து, கோப்பையைப் பெறும் இடத்தில் தம்முடன் நிற்க வைத்தார். வீட்டிலும் அவ்வாறு செய்ய முடியும். எந்த வயலில் எப்போது நீர் பாய்ச்சுவது, விதைக்கு எதை எடுத்துவைப்பது, கூலி எவ்வளவு பேசுவது என்பவற்றை இன்றும் அவரிடமே கேளுங்கள். கை ஓய்ந்தாலும் அந்த அறிவு ஓய்வதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால், "பார்த்துச் செய்யம்மா" என்று சொல்வதோடு நில்லாமல் தண்ணீர்க் குடத்தை நீங்கள் எடுத்து வாருங்கள். வீட்டு வேலைக்கும் ஓய்வு உண்டு என்று பல தாய்மாருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது ஒரு சிறு தாளில் மூன்று செய்திகளை எழுதிக் கொண்டு வாருங்கள்: என்ன வேலை செய்தீர்கள், எத்தனை ஆண்டுகள் செய்தீர்கள், இப்போது எந்த அசைவில் வலிக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்காகப் பேரப்பிள்ளைகள் எழுதிக்கொடுக்கலாம். இதுவரை யாரும் எழுதாத கணக்கு அது. மருத்துவர் உங்கள் சிகிச்சையை அங்கிருந்து தொடங்க முடியும்.