கொக்குக்குக் குறி, குண்டு யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஓசூர் வட்டாரத்துத் தொழிலாளர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். சிலர் சினிமாவுக்குப் போவார்கள். சிலர் தூண்டிலை எடுத்துக்கொண்டு கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நடையைக் கட்டுவார்கள். இன்னும் சிலர் உண்டு. தோளில் நீளமாக ஒரு பை தொங்கும். உள்ளே இருப்பது ஏர்கன்!

“இது விளையாட்டுத் துப்பாக்கி ஐயா! லைசென்ஸ்கூட வேண்டாம்” என்பார்கள் கேட்டால்.

லைசென்ஸ் வேண்டாம் என்பது பெரும்பாலும் சரிதான். விளையாட்டு என்பதுதான் சரியில்லை.

தண்ணீர் மெத்தையா?

ஏரியில் சுட்டால் ஆபத்தில்லை, தண்ணீர் குண்டை விழுங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தலைக்கு நேர் கீழே சுட்டால் விழுங்கும். ஆனால் நாமக்கோழி காலடியிலா மிதக்கிறது? ஐம்பது கஜத்துக்கு அப்பால் நீர்மட்டத்தோடு ஒட்டி அல்லவா மிதக்கிறது! கரையில் நின்று அதைச் சுடும்போது குண்டு ஏறக்குறையப் படுக்கை வசமாகப் போகிறது.

சிறு பையன்கள் ஏரியில் ஓட்டாஞ்சில்லு வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். சாய்வாக வீசினால் சில்லு தத்தித் தத்தி எங்கேயோ போய்விடும். ஈயக் குண்டும் அப்படித்தான். பழைய காலத்துக் கப்பற்படைப் பீரங்கிக்காரர்கள் இதை ஒரு வித்தையாகவே பழகி வைத்திருந்தார்கள். இரும்புக் குண்டைக் கடல்மேல் தத்தவிட்டு எதிரிக் கப்பலின் விலாவில் அடிப்பார்கள்!

கடலில் எதிரி இருந்தான். இங்கே எதிர்க்கரையில் இருப்பது யார்? துணி துவைக்கும் பெண்கள், மாடு கழுவுகிறவர், பரிசலில் வலை விரிக்கும் மீனவர். ராமநாயக்கன் ஏரி என்றால் கேட்கவே வேண்டாம். ஓசூர் நகரத்துக்கு நடுவே இருக்கிறது, சுற்றிலும் வீடுகள். தண்ணீரில் தத்திய குண்டுக்கு வேகம் குறைந்திருக்கும் என்பது மெய். ஆனால் ஒரு குழந்தையின் கண்ணைப் பறிக்க அந்த மிச்ச வேகம் போதும்.

20 ஜூல் கணக்கு

1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும், அதன் கீழ் 2016-இல் வந்த ஆயுத விதிகளும் ஏர்கன்னுக்கு ஓர் எல்லை வகுத்திருக்கின்றன. குழல் விட்டம் 0.177 அங்குலத்தையும் (4.5 மில்லிமீட்டர்), குண்டு வெளிவரும் சக்தி 20 ஜூலையும் தாண்டக் கூடாது. தாண்டினால் லைசென்ஸ் கட்டாயம்.

20 ஜூல் என்றால் எவ்வளவு? இரண்டு கிலோ படிக்கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவு வேகமாக அடிக்குமோ, அவ்வளவு. அந்த அடி முழுவதும் மிளகளவு முனை ஒன்றில் வந்து இறங்கினால்? லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கியின் சக்தியே இந்த அளவுக்குப் போகலாம்!

இதே 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிளால்தான் அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். அது பத்து மீட்டர் தூரத்தில் காகித இலக்கு. பின்னால் குண்டைத் தடுக்க ஏற்பாடு. குழலுக்கு முன்னால் ஓர் ஈ காக்கை வராது. ஏரிக்கரையில் அந்தத் தடுப்பு எங்கே?

தப்பினாலும் குற்றமே

துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம் என்பதால் பறவையைச் சுடலாம் என்று ஆகிவிடாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தில் “வேட்டை” என்றால் கொல்வது மட்டுமல்ல. பிடிப்பது, பொறி வைப்பது, முட்டையைக் கலைப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். ஆகவே குறி தப்பிவிட்டது, கொக்கு பறந்துவிட்டது என்று சொல்லித் தப்ப முடியாது.

2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்திருக்கும் சட்டப்படி, இரண்டாம் அட்டவணைப் பறவையைச் சுட்டால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணைப் பறவை என்றால் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை சிறை. ஒரு காலத்தில் தீங்குப் பிராணி என்று ஒதுக்கப்பட்டிருந்த காக்கைக்குக்கூட இப்போது பாதுகாப்பு வந்துவிட்டது!

ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போய்ச் சுட்டால் தமிழ்நாட்டுப் போலீஸ் என்ன செய்யும் என்று கேட்கிறவர்களும் உண்டு. இரண்டுமே மத்திய சட்டங்கள். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் கன்னடத்தில் வழக்கு எழுதுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சேற்றில் கிடக்கும் ஈயம்

தப்பிய குண்டு கடைசியில் சேற்றில் போய்ப் புதைகிறது. அரை கிராம் ஈயம் என்ன செய்துவிடும்? பெங்களூர்ப் பக்கத்துக் கழிவைச் சுமந்து தென்பெண்ணை கெலவரப்பள்ளியில் நுரை கக்குகிற காட்சியைக் கண்டவர்கள் இந்த அரை கிராமைக் கேட்டுச் சிரிக்கத்தான் செய்வார்கள். தண்ணீரின் அளவில் பார்த்தால் சிரிப்பு நியாயமே.

வாத்தின் வயிற்றில் பார்த்தால் கதை வேறு. வாத்துக்குப் பல் இல்லை. தானியத்தை அரைக்கச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்குகிறது. சேற்றில் கிடக்கும் ஈயக் குண்டும் கல் என்று உள்ளே போகிறது. அரைவைப் பை அதைத் தேய்க்க, வயிற்று அமிலம் கரைக்க, ஈயம் ரத்தத்தில் கலக்கிறது. இறக்கை தொங்கிப்போகும், பறக்க முடியாது, இரை இறங்காது, மெலிந்து சாகும். ஒன்றிரண்டு குண்டுகளே போதும். இதனால்தான் நீர்ப்பறவை வேட்டையை இன்றும் அனுமதிக்கும் அமெரிக்காவே, அதற்கு ஈய ரவையை 1991 முதல் நாடு முழுவதும் தடை செய்துவிட்டது. ஐரோப்பிய யூனியன் 2023 பிப்ரவரி முதல் நீர்நிலைகளில் ஈய ரவையைத் தடுத்திருக்கிறது.

லாட் சாகிபும் கிராமத்தாரும்

ஏரியில் பறவை சுடும் ஆசை நேற்று வந்ததல்ல. 1938 நவம்பர் 12-ந் தேதி பரத்பூரில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கோஷ்டி ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது! அந்த இடம் இன்றைக்குத் தேசியப் பூங்கா.

தமிழ்நாட்டுக் கதை அதற்கு வெகு முந்தியது. செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட ஆரம்பித்தார்கள். ஊரார் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கே கொடுத்து 1798-இல் அவர் கவுல் எழுதிக் கொடுத்தார். கிராமத்தாருக்கு இதில் லாபமும் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் அல்லவா!

அருணாசலப் பிரதேசத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. வேட்டை பரம்பரைப் பழக்கமாக ஊறிப்போன மலைநாடு அது. 2021-இல் அந்த சர்க்கார், ஏர்கன் வைத்திருப்பவர்கள் தாங்களாகவே ஒப்படைக்கலாம் என்று ஓர் இயக்கம் தொடங்கியது. யார் கொடுப்பார்கள் என்றுதான் தோன்றும். 2022 ஜனவரிக்குள் 1,600 துப்பாக்கிகளுக்கு மேல் வந்து சேர்ந்துவிட்டன.