கீழே கிடந்த கல்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நாம் பள்ளத்தாக்கைப் பார்க்கிறோம், மேகத்தைப் பார்க்கிறோம். காலடியில் கிடக்கும் கல்லைப் பார்ப்பதில்லை. குழந்தைகள் மட்டும் பார்க்கிறார்கள். "அப்பா, இது யானை மாதிரி இருக்கிறது!" என்று ஒரு கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். நாமோ, "சீ, குப்பை! கீழே போடு" என்று அதட்டுகிறோம்.

கீழே போடாத பெரியவர் ஒருவர் இதே ஏற்காட்டில் வாழ்ந்தார். பூமிசாஸ்திர இலாகாவில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் பூட் என்பவர்தாம் அவர். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கல், ஆதி மனிதன் செதுக்கிய ஆயுதமாக இருந்தது! அவர் ஆயுளெல்லாம் சேர்த்த கற்கருவிகள் 1904-இல் சென்னைப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்தன.

பூட் துரை கல்லில் சரித்திரத்தைக் கண்டார். அதில் சிற்பத்தைக் கண்டவர் நேக் சந்த். 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் சொந்த ஊரை இழந்து வந்தவர். சண்டிகரில் மராமத்து இலாகாவின் சாலை மேற்பார்வையாளர். புதிய நகரத்துக்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. உடைந்த ஓடு, பீங்கான், வளையல் துண்டு, துருப்பிடித்த இரும்பு ஆகியவற்றை அவர் பொறுக்கினார். விசித்திர வடிவமுள்ள கற்களைச் சைக்கிளில் கொண்டுவந்தார். 1957 முதல் ஒருவருக்கும் தெரியாமல், சர்க்கார் காட்டு நிலத்தில், இரவு வேளைகளில் சிற்பங்கள் அமைத்தார்.

முறை எளியது. பழைய சைக்கிள் சட்டமே எலும்புக்கூடு. அதன் முன்கவை கால்களாகும், ஆசனம் மிருகத்தின் தலையாகும். மேலே சிமெண்டும் மணலும் கலந்த காரை பூசி, ஈரம் காயுமுன் வளையல் துண்டுகளையும் ஓட்டையும் பதித்தால் பெண்ணுக்குச் சேலை, மயிலுக்குத் தோகை! கற்களை மட்டும் அவர் செதுக்கவில்லை. இயற்கை தந்த உருவத்திலேயே நிறுத்தினார்.

ரகசியம் வெளியானபோது, சட்டப்படி எல்லாவற்றையும் இடித்திருக்கலாம். ஜனங்கள் இடிக்க விடவில்லை. 1976-இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சர்க்காரே அவருக்குச் சம்பளமும் ஐம்பது வேலையாட்களும் கொடுத்தது. 1984-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2015-இல் அவர் காலமானார், தோட்டம் வாழ்கிறது. வீட்டை இழந்த ஒருவர், வீடிழந்த பொருள்களுக்கெல்லாம் ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிட்டார் அல்லவா?

சேர்வராயன் மலையின் கரும்பாறையும், உச்சியிலுள்ள பாக்சைட் செம்மண்ணும், அடிவாரத்து வெள்ளைக்கல்லும், கஞ்சமலையின் இரும்பும் சேலத்துக்குக் கிடைத்த செல்வங்கள். அதற்காக மலையைப் பெயர்த்து வர வேண்டாம். காட்டுக் கல் காட்டிலேயே இருக்கட்டும். நம் வீட்டுக் கொல்லையில், கட்டட வேலையில் மிஞ்சிய ஜல்லியும், ஓட்டைக் குடமும், அறுந்த சங்கிலியும் கிடக்கின்றனவே, அவை போதும்.

அடுத்த முறை குழந்தை ஒரு கல்லை நீட்டினால் அதட்ட வேண்டாம். "இதற்குத் தும்பிக்கை எந்தப் பக்கம்?" என்று கேட்போம்.