கேட்க ஆளில்லை என்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை மாலை. லயத்து வீட்டின் முன்வாசலில் பாய் விரித்தாயிற்று. பெரியவர்கள் நாலைந்து பேர் பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மூத்த மகன் கிள்ளானில் வேலையாக இருக்கிறான், வரவில்லை. வந்திருக்கும் இளையவனோ கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்தக் காலத்தில் ஆண்டவரைப் பற்றிக் கேட்க யார் இருக்கிறார்கள்?" என்று தாய் பெருமூச்சு விடுகிறாள்.

கோல சிலாங்கூரிலிருந்து செகிஞ்சான், சபாக் பெர்ணம் வரை வாழும் கிறிஸ்தவக் குடும்பத்தாரே, இந்தப் பெருமூச்சு உங்களுக்குப் புதிதல்லவே?

காலம் மாறிவிட்டது உண்மைதான். நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் 1917-இல் நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. பின்னாளில் பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை ஏறியது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பிள்ளைகள் பட்டணம் போனார்கள். அன்று லயத்தில் ஒரு வீட்டில் பாட்டுச் சத்தம் எழுந்தால் பத்து வீடு கேட்கும். இன்று அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரிவதில்லை. யாரும் நம் விசுவாசத்தை எதிர்க்கவில்லை, கவனிக்கவில்லை, அவ்வளவுதான். எதிர்ப்பவரிடம் வாதாடலாம். கவனிக்காதவரிடம் என்ன செய்வது?

இதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கை பதில் சொல்கிறது.

கண்டியில் நடந்தது

யோசேப்பு வாஸ் அடிகளார் 1651-இல் கோவாவில் பிறந்தவர். கொங்கணி அவர் தாய்மொழி. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களை இலங்கையிலிருந்து விரட்டியிருந்தார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1687-இல், அடிகளார் கூலியாள் உடையில் இரகசியமாகக் கரையிறங்கினார். குருவையே கண்டிராத ஒரு தலைமுறை அங்கே வளர்ந்து நின்றது. அவர் மேடை போடவில்லை. கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அதை அடையாளம் கண்டு முகம் மலர்ந்தவர்களிடம் மெதுவாகப் பேசினார். மக்களோடு பேசுவதற்காகத் தமிழும் சிங்களமும் கற்றார்.

1692-இல் கண்டி இராச்சியத்துக்குப் போனவரை வேவுகாரர் என்று சிறையில் போட்டார்கள். பிறகு 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. உற்றாரே நோயாளிகளை விட்டு ஓடினார்கள். அடிகளார் ஓடவில்லை. கைவிடப்பட்டவர்களைத் தேடிச் சென்று, புண்ணைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். நோயாளியின் சமயம் எது என்று பார்த்து அவர் கஞ்சி ஊற்றவில்லை. பௌத்தரான மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை மதித்தார். 1711 ஜனவரி 16-இல் கண்டியிலேயே அடிகளார் கண்மூடினார். 2015 ஜனவரி 14-இல் கொழும்பில் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

எண்ணிப் பாருங்கள். கேட்க மனமில்லாத ஊரில் அவருடைய கைகள் முதலில் பேசின. வாய் பிறகுதான் பேசியது.

நம் வீட்டில், நம் வரிசையில்

நமக்குக் கண்டி வரை போக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப்போக யாரும் இல்லையா? நீங்கள் போங்கள். சாவு வீட்டில் நாற்காலி தூக்க ஆள் குறைகிறதா? உங்கள் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. உதவியைத் தூண்டில் முள்ளாக்காதீர்கள். இன்று அரிசி கொடுத்து நாளைக்குத் துண்டுப் பிரசுரம் நீட்டினால், அந்த அரிசியும் கசந்துவிடும். மாரியம்மன் கோயில் திருவிழாவில் நமக்கும் சோறு போட்ட அண்டைவீட்டாரின் பக்தியை இழிவாகப் பேசாதீர்கள். முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த நம் அரசியலமைப்பின் 11(4)ஆம் பிரிவு இடமளிக்கிறது, அதையும் மறவாதீர்கள். ஒருவர் தாமாக, "உனக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், அன்று மறைக்காமல் சொல்லுங்கள். கூச்சப்பட்டு விழுங்கிவிடுவதும் தவறுதான்.

பிள்ளைகளிடம் இன்னும் கவனம் வேண்டும். கைப்பேசியைப் பிடுங்கினால் கைதான் காலியாகும், மனம் திரும்பாது. அதட்டி ஜெபத்தில் உட்காரவைத்த தகப்பனே மறுநாள் குடித்துவிட்டு வந்தால், பிள்ளை எந்தப் பாடத்தைப் படிப்பான்? உங்கள் கஷ்ட காலத்தை அவனிடம் சொல்லுங்கள். வேலை போன மாதத்தில் எப்படி ஜெபித்தீர்கள், எங்கே நம்பிக்கை தளர்ந்தது, யார் தாங்கினார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவன் கேள்வி கேட்டால் கோபிக்காதீர்கள். கேள்வி கேட்கிறவன் இன்னும் கவனிக்கிறான் என்றுதானே பொருள்?

செகிஞ்சான் வயல்களைப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் மண் அது. அங்கேகூட விதைத்த மறுநாள் யாரும் அரிவாளோடு போவதில்லை. தண்ணீர் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

வரும் ஞாயிறும் பாய் விரியுங்கள். தலை தூக்காத அந்தப் பிள்ளைக்கும் ஓர் இடம் விட்டு வையுங்கள்.