மேசை மரக்கடைசல் பொறி

மேசை மரக்கடைசல் பொறி என்பது பணிமேசை ஒன்றின்மீது பொருத்தப்பட்டு, மரத்தைச் சுழலவிட்டுக் கையில் பிடித்த உளியால் கடைவதற்குப் பயன்படும் சிறு பொறி ஆகும். பேச்சுவழக்கில் இதனை லேத்து என்பர். பம்பரம், மத்து, பூரிக்கட்டை, சொப்பு, நடைவண்டிச் சக்கரம், தொட்டில் கால், கிண்ணம் முதலியன இதில் கடையப்படுகின்றன. உலோகக் கடைசல் பொறியில் உளியைப் பொறியே பற்றிக்கொண்டு நகர்த்தும். மரக்கடைசலில் உளி கடைபவரின் கையிலேயே இருக்கும்; பொறியின் பணி மரத்தை ஆட்டமின்றிச் சுழற்றுவது மட்டுமே.

பொழுதுபோக்காகக் கடைபவர்கள் பெரும்பாலும் சிறு பொறி ஒன்றில் தொடங்கி, சில ஆண்டுகளில் அதனினும் பெரிய மேசைப் பொறிக்கு மாற எண்ணுகின்றனர். எவ்வளவு அகலமான மரத்தை மாட்டலாம் என்பதே அப்போது முதலில் கேட்கப்படும் கேள்வியாக உள்ளது. ஆனால் பொறியின் எடை, அது தரும் மிகக் குறைந்த வேகம், அவ்வேகத்தில் கிடைக்கும் முறுக்குவிசை ஆகிய மூன்றுமே கடைசலின் தரத்தையும் கடைபவரின் பாதுகாப்பையும் தீர்மானிக்கின்றன. புளி, வேம்பு போன்ற கனத்த மரங்கள் எளிதில் கிடைக்கும் தருமபுரி மாவட்டத்தில் இவ்வேறுபாடு கூடுதலாகவே உணரப்படும்.

கடைதலும் கயிறும்

தமிழில் தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் ஒரே சொல் வழங்குவது தற்செயல் அன்று எனலாம். மின்சாரத்துக்கு முந்தைய கடைசல் பொறி மத்தைப் போன்றே இயங்கியது. ஒருவர் கயிற்றை இருபுறமும் மாறிமாறி இழுக்க, மரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். மற்றவர், மரம் தம்மை நோக்கிச் சுழலும்போது மட்டும் உளியை வைத்துக் கடைவார். எகிப்தில் பெட்டோசிரிசு என்பவரின் கல்லறையில் கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்துப் புடைப்புச் சிற்பம் ஒன்றும் இவ்வாறு இருவர் சேர்ந்து கடைவதைக் காட்டுகிறது. பாதி நேரம் வெட்டு, பாதி நேரம் காத்திருப்பு என்ற இந்நிலை, மிதிகட்டையும் பறக்கும் சக்கரமும் சேர்ந்து தொடர்ச்சுழற்சி கிடைத்த பின்னரே மாறியது.

தென்னிந்தியாவில் கர்நாடகத்தின் சன்னபட்டணம், ஆந்திரப் பிரதேசத்தின் ஏட்டிகொப்பாகா, தமிழ்நாட்டின் அம்பாசமுத்திரம் ஆகிய ஊர்கள் கடைசல் பொம்மைகளுக்குப் பெயர் பெற்றவை. சன்னபட்டணத்தில் சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வு வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் படியும். பின்னர் தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவர். இவ்வேலைக்கு மிகுந்த வேகம் வேண்டும். பெரிய பொறி வேண்டியதில்லை. பொம்மையும் பம்பரமும் மட்டுமே கடைபவர் பொறியை மாற்றுவதால் பெறும் பயன் சிறிதே.

அளவுகள்

கடைசல் பொறியின் அளவு இரண்டு எண்களால் குறிக்கப்படுகிறது. ஒன்று சுழல்விட்டம், அதாவது படுகையின்மீது தட்டாமல் சுழலக்கூடிய மரத்தின் பெரும விட்டம். மற்றொன்று தலைப்பகுதிக்கும் வால்பகுதிக்கும் இடைப்பட்ட நீளம். தொடக்கநிலை மேசைப் பொறிகளின் சுழல்விட்டம் பெரும்பாலும் 8 முதல் 10 அங்குலம் வரை இருக்கும். பெரிய மேசைப் பொறிகளில் இது 12 அங்குலமோ அதற்குச் சற்று மேலோ ஆகும்.

இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. உளிதாங்கியின் அடிப்பகுதி படுகையின்மீது அமர்ந்து நகர்வதால், அதற்கு மேலுள்ள இடைவெளி இன்னும் குறைவு. 12 அங்குலப் பொறியில் ஏறத்தாழ இரண்டு அங்குலம் இவ்வாறு குறையக்கூடும். அகலமும் நீளமும் ஒருங்கே உடைய மரத்தைக் கடையும்போது இது தடையாகும். தட்டும் கிண்ணமும் கடைபவருக்குப் பொதுவாகத் தடை இல்லை. உளிதாங்கியை மரத்தின் முன்புறம் நிறுத்திவிடலாம். சில பொறிகளில் தலைப்பகுதியைத் திருப்பி, படுகைக்கு வெளியே பெரிய மரத்தை மாட்டவும் வசதி உண்டு.

எடையும் அதிர்வும்

மரத்தின் விட்டம் சற்றே கூடினாலும் அதன் எடை பன்மடங்கு கூடுகிறது. 20 செ.மீ. விட்டமும் 8 செ.மீ. கனமும் உடைய பச்சைப் புளியங்கட்டை, கன சென்ரிமீட்டருக்கு ஒரு கிராம் எனக் கொண்டால், ஏறத்தாழ 2.5 கிலோ இருக்கும். அதே வடிவில் 30 செ.மீ. விட்டமும் 12 செ.மீ. கனமும் உடைய கட்டை 8.5 கிலோ ஆகும். விட்டம் ஒன்றரை மடங்கு. எடை மூன்று மடங்குக்கும் மேல்.

மரத்துண்டு முதலில் ஒருபோதும் சமநிலையில் இருப்பதில்லை. ஒருபுறம் பட்டை, ஒருபுறம் வைரம், எங்கேனும் ஒரு கணு. மையத்திலிருந்து 15 செ.மீ. தொலைவில் 100 கிராம் மட்டும் மிகுந்திருப்பதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு 1000 சுற்றில் அது உண்டாக்கும் மையவிலக்கு விசை ஏறத்தாழ 165 நியூட்டன், அதாவது சுமார் 17 கிலோ எடையின் இழுப்பு. ஒவ்வொரு சுற்றிலும் இந்த இழுப்பு மேலும் கீழும் முன்னும் பின்னுமாகத் திசை மாறும். 35 கிலோ எடையுள்ள பொறியொன்று மேசையின்மீது நடக்கத் தொடங்குவது இதனால்தான். வேகத்தைப் பாதியாக்கினால் விசை நான்கில் ஒன்றாகி, சுமார் 4 கிலோ எடைக்குச் சமமாகும். ஆகவே மிகக் குறைந்த வேகம் எவ்வளவு என்பது பொறியின் உண்மையான கொள்ளளவைக் காட்டும் எண் ஆகும். படிக்கப்பிகள் கொண்ட பல சிறு பொறிகளில் இது 500 சுற்றை ஒட்டியே நின்றுவிடுகிறது. வேகத்தைத் தொடர்ச்சியாக மாற்றவல்ல பொறிகள் 250 சுற்றுக்கும் கீழே இறங்குகின்றன.

புதிய பொறி வாங்குமுன் பழைய மேசையைச் சரிபார்ப்பது நன்று. சிறு பொறியைக் கனமான சட்டத்தில் ஆணித்தரமாக முடுக்கி, அடியில் மணல் மூட்டைகளை அடுக்கினாலே அதிர்வு பெருமளவு அடங்கும். பெரிய பொறி வேண்டும் என்று எண்ணியவருள் சிலருக்கு உண்மையில் வேண்டியிருந்தது கனமான மேசையே.

வேகமும் முறுக்குவிசையும்

கடைபவர்களிடையே ஒரு கணக்கு வழங்குகிறது: மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் விடை 6000-க்கும் 9000-க்கும் இடையே இருக்க வேண்டும். இதன்படி 3 அங்குல மரத்திற்கு 2000 முதல் 3000 சுற்று வரையும், 12 அங்குல மரத்திற்கு 500 முதல் 750 சுற்று வரையும் பொருந்தும். இது உருண்டையாகிவிட்ட, விரிசலற்ற மரத்துக்கு உரியது. கரடுமுரடான கட்டையை இதனினும் குறைந்த வேகத்திலேயே தொடங்குவர்.

மின்னோடியின் திறனைப் பார்க்கும்போது, வேகம் எவ்வாறு குறைக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நிமிடத்திற்கு 1440 சுற்று ஓடும் 0.37 கிலோவாட் (அரைக் குதிரைத்திறன்) மின்னோடி, கப்பியும் பட்டையும் கொண்டு 500 சுற்றாகக் குறைக்கப்பட்டால், இழப்புகள் நீங்கலாக, சுழல்தண்டில் ஏறத்தாழ 7 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை கிடைக்கும். 0.75 கிலோவாட் மின்னோடி அதே முறையில் 14 தரும். ஆனால் அந்தப் பெரிய மின்னோடியையே கப்பி மாற்றாமல், மின்னணுக் கட்டுப்பாட்டால் மட்டும் 500 சுற்றுக்கு இறக்கினால், கிடைப்பது 5 நியூட்டன்-மீட்டர்தான். சிறிய பொறியைவிடக் குறைவு! குமிழைத் திருப்பி வேகத்தைக் குறைப்பது வசதியானது என்பதற்காகப் பட்டையை வேகப்படியிலேயே விட்டுவிடுபவர், பெரிய கிண்ணத்தில் உளி வைத்ததும் மரம் நின்றுபோவதைக் கண்டு பொறியைக் குறைசொல்வதுண்டு. கட்டுப்பாடு மின்னணுவாக இருப்பினும், இரண்டோ மூன்றோ கப்பிப் படிகளும் உள்ள பொறியையே தேர்ந்தெடுத்தல் நலம்.

மின் வழங்கல்

வீடுகளில் கிடைப்பது 230 வோல்ட், 50 ஹெர்ட்சு ஒருமுனை மின்சாரம். 0.75 கிலோவாட் ஒருமுனை மின்னோடி முழுச் சுமையில் ஏறத்தாழ 6 ஆம்பியர் எடுக்கும். தொடங்கும் கணத்தில் இதனினும் பன்மடங்கு எடுக்கும். எனவே விளக்குக்கான இணைப்பு போதாது. நிலத்தொடுப்புடன் கூடிய தனிக் கம்பியும் 15 ஆம்பியர் பிளக்கும் வேண்டும்.

மின்மாற்றியிலிருந்து தொலைவிலுள்ள சிற்றூர்களில் மாலையில் மின்னழுத்தம் தாழ்வதுண்டு. தூண்டல் மின்னோடியின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் குறையும். 230 வோல்ட் 190 ஆகத் தாழ்ந்தால் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்கு குறைந்து, மின்னோடி சூடேறும்.

மும்முனை மின்னோடியை அலைவெண் மாற்றி வழியாக ஒருமுனை மின்சாரத்தில் ஓட்டுவது இன்று பரவலான முறை. 415 வோல்ட்டுக்கென இணைக்கப்பட்ட மின்னோடியை அப்படியே இதில் இணைத்தால் முழுத்திறன் கிடைக்காது. அதன் சுருள்களை முக்கோண இணைப்பாக மாற்ற இயலுமா என முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் வழியாக வரும் 110 வோல்ட், 60 ஹெர்ட்சுப் பொறிகளுக்கு மின்மாற்றி வேண்டும். அப்படியும், தூண்டல் மின்னோடியாயின், வேகம் ஆறில் ஐந்து பங்கே கிடைக்கும்.

தருமபுரி மாவட்டத்து மரங்கள்

1965-இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தருமபுரி மாவட்டம், 2004-இல் கிருட்டிணகிரி மாவட்டம் தனியான பின் இன்றைய எல்லையைப் பெற்றது. புளியும் மாவும் இப்பகுதி நிலங்களில் மிகுதி.

புளிய மரம் கடினமானது. இழைகள் ஒன்றையொன்று பின்னியிருப்பதால் எளிதில் பிளவாது. கறிக்கடைகளில் வெட்டுக்கட்டையாக இதனைப் பயன்படுத்துவதும் இதனாலேயே. வெளிர்நிற வெளிமரம் அகன்றும், கரும்பழுப்பு வைரம் முதிய மரங்களில் மட்டும் சிறிதளவுமாக இருக்கும். பூஞ்சை படர்ந்து கருங்கோடுகள் ஓடிய புளியங்கட்டையைக் கடைபவர்கள் பெரிதும் விரும்புகின்றனர். ஆனால் இம்மரம் உளியை விரைவில் மழுங்கச் செய்யும். மழுங்கிய உளியை அழுத்திப் பிடிக்கையில்தான் சிறு பொறியின் வலுவின்மை தெரியவரும். பொறி மாற்றுவதற்குமுன் நல்ல சாணைக்கல் வாங்கியிருக்கலாமே என்று எண்ண நேரும் இடமும் இதுவே.

காய்ப்பு ஓய்ந்த மாமரம் இலேசானது, கடைவதற்கு எளிது. எனினும் வெட்டிய சில வாரங்களிலேயே வண்டு துளைக்கும். வேம்பு நடுத்தரக் கடினம் உடையது. அதன் தூசி கசந்து தொண்டையை உறுத்தும். சன்னபட்டணத்தார் பொம்மைக்குப் பயன்படுத்தும் வெட்பாலை, தமிழ்நாட்டின் வறண்ட காடுகளிலும் வளர்வது. ஆச்சா இந்திய மரங்களுள் மிகக் கனமானவற்றுள் ஒன்று. சிறு பொறியில் அதன் சிறு துண்டுகளை மட்டுமே கடைய முனைய வேண்டும். காப்புக்காடுகளிலிருந்து அனுமதியின்றி மரம் எடுத்தல் குற்றம். சந்தன மரத்தைச் சொந்த நிலத்திலும் வனத்துறையின் அனுமதியின்றி வெட்டலாகாது.

கோடையில் வெட்டிய மரம் ஓரிரு நாள்களிலேயே முனைகளில் வெடிக்கத் தொடங்கும். ஆகவே பச்சையாக இருக்கும்போதே கிண்ணத்தைத் தடிப்பாகக் கடைந்து, காற்றுப்படாத நிழலில் தாளில் சுற்றி உலரவிட்டு, சில மாதங்கள் கழித்து மீண்டும் மாட்டி முடிப்பர். சுவரின் தடிப்பு விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கம், 30 செ.மீ. கிண்ணத்திற்கு 3 செ.மீ. உலர்ந்தபின் அது நீள்வட்டமாகக் கோணியிருக்கும். மீண்டும் மாட்டும்போது சமநிலை தவறுவதால், குறைவேகம் இரண்டாம் முறையும் தேவைப்படுகிறது.

துணைக்கருவிகள்

பொறியின் விலையோடு செலவு முடிவதில்லை. சுழல்தண்டின் திருகுமரை அளவு வேறானால் பழைய சக், முகத்தட்டு ஆகியன புதியதில் பொருந்தா. மேசைப் பொறிகளில் 1 அங்குலம், அங்குலத்திற்கு 8 மரை என்ற அளவு மிகுதி. ஐரோப்பியப் பொறிகளில் 33 மி.மீ. மரையும் காணப்படும். இணைப்பு வளையம் வாங்கலாம் எனினும், அது மரத்தைத் தாங்குருளையிலிருந்து மேலும் தள்ளி நிறுத்துவதால் அதிர்வு கூடும். உட்கூம்பு முதலாம் மோர்சா, இரண்டாம் மோர்சா என்பதையும் வாங்குமுன் பார்க்க வேண்டும். பெரிய கிண்ணத்திற்கு நீண்ட பிடியுள்ள குழியுளியும் தேவை.

பாதுகாப்பு

30 செ.மீ. மரம் 1000 சுற்றில் சுழலும்போது அதன் விளிம்பு மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் செல்கிறது. விரிசல் உள்ள கட்டை இவ்வேகத்தில் பிளந்தால் கண்ணாடி மட்டும் காக்காது; முழு முகக்காப்பு வேண்டும். விசையைப் போடுமுன் வேகக்குமிழ் குறைவேகத்தில் உள்ளதா எனப் பார்த்து, மரத்தைக் கையால் ஒருமுறை சுழற்றி, விளிம்புக்கு நேரே நில்லாமல் விலகி நிற்க வேண்டும். சிறு பொறியில் வேலை முடித்து நேற்றைய வேகத்திலேயே விட்டுவிட்ட குமிழ் பெரிய துன்பம் தராது. பெரிய பொறியில் அது உயிருக்கே கேடாகலாம். வேட்டி, துண்டு, கையுறை, மணிக்கட்டுக் கயிறு ஆகியவற்றுடன் பொறியருகே செல்லலாகாது. நீள்மரத்தை உருட்டுவதற்கான அகன்ற குழியுளியைக் கிண்ணத்தில் பயன்படுத்தினால், அதன் மெல்லிய வால் பிடிக்கருகே முறியும். முடிந்தவரை வால்பகுதியை மரத்தோடு அணைத்து வைத்தே கடைந்து, உட்குடைவு வரும்போது மட்டும் விலக்குவது வழக்கம்.