குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளையை விடுமுன்...

தந்தை, தாய் இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே அதிகரித்து வருகின்றன. முன்பு உம்மம்மாவோ மாமியோ வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக் கொண்டார்கள். இன்று ஊரை விட்டு வந்து சென்னையிலும் கோவையிலும் வாடகை வீட்டில் வசிக்கும் பலருக்கு அந்த வசதி இல்லை. வேறு வழியின்றிக் குழந்தைகள் காப்பகத்தை நாடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் கட்டணம் எவ்வளவு, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்ற இரண்டை மட்டும் கேட்டுவிட்டுப் பிள்ளையை ஒப்படைத்து விடுகிறோமே, அதுதான் தவறு.

சேர்க்கும் முன் நேரில் பாருங்கள்

சுவரில் வரைந்திருக்கும் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சமையலறை, கழிவறை, மாடிப்படி ஆகிய மூன்றையும் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவியது. மாடியில் இருந்த பிள்ளைகளால் குறுகலான படி வழியே தப்ப முடியவில்லை. எனவே, அடுப்பு பிள்ளைகள் இருக்கும் அறையிலிருந்து தள்ளி இருக்கிறதா, வெளியேற இரண்டாவது வழி உண்டா, அந்த வழி பூட்டிக் கிடக்கிறதா என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். தவழும் குழந்தைகளை மாடியில் வைத்திருந்தால், ஆபத்து நேரத்தில் அவர்களைத் தூக்கிக்கொண்டு இறங்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

தண்ணீரும் அதே அளவு ஆபத்தானது. தரைமட்டத் தொட்டியின் மூடி, மொட்டை மாடிக் கதவு இரண்டும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். குளியலறையில் நிரப்பி வைத்த ஒரு வாளித் தண்ணீரே நடைபழகும் குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதுமானது.

நோய் பரவுவது எப்படி?

காப்பகத்தில் சேர்ந்த புதிதில் பிள்ளைக்கு அடிக்கடி சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு வருவதைப் பார்க்கிறோம். ஒரே பொம்மையைப் பலர் வாயில் வைப்பதும், டயப்பர் மாற்றிய கையோடு உணவு கொடுப்பதும் இதற்கு முக்கியக் காரணங்கள். டயப்பர் மாற்றிய பிறகும், உணவு கொடுப்பதற்கு முன்பும் ஆயாக்கள் சோப்புப் போட்டு 20 விநாடியாவது கைகழுவ வேண்டும். கைகழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

தடுப்பூசி அட்டையைக் கேட்காமல் பிள்ளையைச் சேர்த்துக் கொள்ளும் காப்பகம் மற்ற பிள்ளைகளின் அட்டையையும் கேட்டிருக்காது. தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் முதல் தவணை 9 மாதம் முடிந்த பிறகுதான் போடப்படுகிறது. அதற்கு முன் காப்பகத்துக்கு வரும் சிறு குழந்தைக்கு, சுற்றியுள்ள பெரிய பிள்ளைகள் ஊசி போட்டிருப்பதுதான் பாதுகாப்பு.

நம் பக்கத் தவறு

இங்கே நம்மைப் பற்றியும் பேசியாக வேண்டும். விடுப்பு கிடைக்காது என்பதற்காக, காய்ச்சல் அடிக்கும் பிள்ளைக்குக் காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்து, எதுவும் சொல்லாமல் காப்பகத்தில் விட்டுச் செல்லும் பெற்றோர் நம்மிலும் உண்டு. மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்ததும் காய்ச்சல் மீண்டும் ஏறும். மருந்து கொடுத்தது தெரியாத ஆயா இன்னொரு முறை கொடுத்துவிட்டால் அளவு கூடி ஆபத்தாகிவிடும். அதற்குள் நோய் மற்ற பிள்ளைகளுக்கும் தொற்றியிருக்கும்.

மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால் மட்டும் பிள்ளையை அனுப்புங்கள். அம்மை போட்டிருந்தால் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வீட்டில் வைத்திருங்கள். மருந்து ஏதும் கொடுக்க வேண்டுமென்றால் பெயர், அளவு, நேரம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

உணவும் உறக்கமும்

நிலக்கடலை, முழுத் திராட்சை, கடின மிட்டாய் ஆகியவை நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தொண்டையில் சிக்கும். இவற்றை டப்பாவில் வைத்து அனுப்பாதீர்கள். காப்பகத்திலேயே உணவு தருகிறார்கள் என்றால், பிள்ளைக்கு ஒவ்வாத பொருட்களையும், ஹலால் உணவு பற்றிய நம் தேவையையும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தாய்ப்பால் எடுத்துக் கொடுப்பவர்கள் புட்டியில் பெயரும் நேரமும் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை எடுத்து வைத்து, வெகுநேரம் கழித்து மறுபடி கொடுக்கக் கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தே தூங்கச் செய்ய வேண்டும், தலையணை தேவையில்லை.

பிள்ளையின் மனம்

முதல் நாளே முழு நேரமும் விட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று பழக்குங்கள். சொல்லாமல் நழுவிச் செல்லாமல், "உம்மா சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போவேன்" என்று சொல்லிவிட்டுச் செல்லுங்கள். சொன்ன நேரத்தில் வந்து நில்லுங்கள். முதல் சில வாரங்கள் அழுவது இயல்பு. நன்றாகப் பழகிய பிள்ளை திடீரென்று போக மறுத்தாலோ, ஒருவரைக் கண்டு மட்டும் அஞ்சினாலோ, உடலில் காரணம் தெரியாத காயம் இருந்தாலோ அலட்சியம் செய்யாதீர்கள். எந்த நேரமும் இலவசமாக அழைக்கக்கூடிய குழந்தைகள் உதவி எண் 1098. பிள்ளையை அழைத்துச் செல்ல யார் யார் வரலாம் என்பதையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

சட்டம் தரும் உரிமை

சட்டப்படி, 50 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனம் காப்பக வசதி செய்துதர வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை சென்று பிள்ளையைப் பார்த்து வரவும் அனுமதிக்க வேண்டும். நம் சகோதரிகள் பலருக்கு இது தெரிவதில்லை, அதனால் கேட்பதுமில்லை.

நம் பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானிதம். பகலில் சில மணி நேரம் அவர்களை இன்னொருவர் கையில் கொடுத்தாலும் பொறுப்பு நம்முடையதுதான். ஒரு நாள் முன்னறிவிப்பின்றிக் காப்பகத்துக்குச் சென்று பாருங்கள். நல்ல காப்பகம் அதைக் குறையாக நினைக்காது.